காலிக் கோட்டையின் ஓடுகளும் வன்னியின் கூரைகளும்



பாடசாலை விடுமுறை விட்டதும் முகநூல் முழுக்கக் காலிக் கோட்டைதான். வெளிச்சவீடு, எதிரே வெள்ளைப் பள்ளிவாசல், பின்னால் கடல். சிலர் மேல்மாடித் தேநீர்க்கடைகளில் ஏறி, கீழே அலை அலையாகத் தெரியும் ஓட்டுக் கூரைகளையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "ஐரோப்பாவுக்குப் போகாமலே ஒரு பழைய ஐரோப்பிய நகரத்தைப் பார்த்தாச்சு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. வாசிக்கப் பொறுமையில்லாதவர்கள் கடைசிப் பந்திகளை மட்டுமாவது பாருங்கள், அதில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

காலியில் 1588இல் போர்த்துக்கேயர் ஒரு சிறிய கோட்டை கட்டினார்கள். 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, பிறகு முழு முனையையும் மதிலால் வளைத்து, 14 கொத்தளங்களோடு உள்ளே தெருத் தெருவாக ஒரு நகரத்தையே அமைத்தார்கள். பழைய வாசலின் உட்பக்கத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இன்றும் இருக்கின்றன. தெருவின் திட்டம் ஐரோப்பாவினுடையது. ஆனால் சுவருக்குள் இருப்பது எங்கள் கடலின் முருகைக்கல். மேலே இருப்பது இந்த நாட்டு மழைக்கு ஏற்ற அரைவட்ட ஓடு. முன்னால் தூண் நிறுத்திய விறாந்தை ஒல்லாந்தில் கிடையாது, அது எங்கள் வெயில் கட்ட வைத்தது. 1988இல் யுனெஸ்கோ காலியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் ஐரோப்பியக் கட்டடக்கலையும் தெற்காசிய மரபும் இப்படிக் கலந்து நிற்பதற்காகத்தான். படங்களில் தேவாலயம் போலத் தெரியும் அந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்கிற முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது தமிழ். தம்பி பார்த்த "ஐரோப்பிய" நகரத்தின் கூரைகளுக்குக் கீழே இவர்களும்தான் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். கடந்த 20, 25 ஆண்டுகளில் அந்த வீடுகளில் பல கைமாறி விடுதிகளாகவும் கடைகளாகவும் ஆகிவிட்டன. கூரை அதேதான், கீழே இருப்பவர்கள் வேறு. படத்தில் அது தெரியாது.

படத்தில் தெரிவது என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வகுப்பில் நான் இதை ஒரு விளையாட்டாகவே செய்வேன். காலியின் பழைய படம் ஒன்று கிடைத்தால், திகதி எழுதியிருக்காவிட்டாலும் அது எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறதா? அது 1883இல் கட்டியது. சந்திரக் கொத்தளம் வெறுமையாக இருந்தால் படம் அதற்கு முந்தியது. நிலப்பக்க மதிலில் இன்று வாகனங்கள் போகும் பெரிய வாசல் இருக்கிறதா? அதை ஆங்கிலேயர் திறந்தது 1873இல். பிறகு வெளிச்சவீடு. நீங்கள் எல்லோரும் எடுத்துப் போட்ட அந்த வெளிச்சவீடு 1939இல் கட்டியது. அதற்கு முன் 1848இல் இரும்புத் தகடுகளால் கட்டிய இன்னொன்று சற்றுத் தள்ளி நின்றது. 1934இல் அது எரிந்து போனது. ஆகவே பழைய படத்தில் வெளிச்சவீடு "இடம் மாறி" நின்றால் எடுத்தவரின் கமராவில் பிழையில்லை. அது இன்னொரு வெளிச்சவீடு.

கூரையும் ஆண்டு சொல்லும். தட்டையாக, ஒன்றோடொன்று கொளுவிக் கிடக்கும் ஓட்டை மங்களூர் ஓடு, கலிக்கட் ஓடு என்போம். மங்களூரில் பாசல் மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே ஒரு பழைய வீட்டில் அந்த ஓட்டைக் கண்டால், வீடு எத்தனை பழையதானாலும் கூரை அதற்குப் பிறகு மாற்றப்பட்டது. உயரத்தில் நின்று எடுத்த ஒரே ஒரு படத்தில் இப்படிப் பத்துச் செய்திகள் கிடக்கும். எடுத்தவருக்கே அது தெரிந்திருக்காது.

சொல்லப்போனால் புகைப்படக்கலை பிறந்ததே கூரைகளைப் பார்த்துத்தான். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம், பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826–27 அளவில் தன் வீட்டு மேல்மாடி யன்னலிலிருந்து எடுத்தது. அதில் இருப்பவை கூரைகளும் சுவர்களும் மட்டும். காரணம் எளிது. அந்தக் காலத்தில் ஒரு படம் பதிய மணிக்கணக்கில் ஒளி பட வேண்டும், கூரை அசையாமல் நிற்கும். டாகர் 1838இல் பாரிசில் ஒரு உயர்ந்த யன்னலிலிருந்து எடுத்த வீதியில், சனம் நிறைந்த நேரத்திலும் எவரும் இல்லை. சப்பாத்துத் துடைக்க நின்ற ஒருவரும் துடைத்தவரும் மட்டும் மங்கலாகப் பதிந்தார்கள். நடந்து போனவர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்கள்.

1851இல் பிரெஞ்சு அரசு ஐந்து புகைப்படக்காரரை நாடு முழுக்க அனுப்பிப் பழைய கட்டடங்களைப் படமெடுக்க வைத்தது. எதைத் திருத்துவது என்று முடிவு செய்ய அது தேவைப்பட்டது. லண்டனில் 1875இல், இடிபடப் போகும் ஒரு பழைய சத்திரத்தைப் படமாகவாவது காப்பாற்ற என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள்.

எங்கள் நாட்டில் கமரா எங்கே போனது? இரண்டு வழியில் போனது. ஒன்று, அரசு போகச் சொன்ன இடத்துக்கு: ஜோசப் லோட்டன் 1870, 1871இல் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளை அரசாங்கத்துக்காகப் படமெடுத்தார். மற்றது, கப்பல் பயணி இறங்கிய இடத்துக்கு. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுவதற்கு முன், தபால் கப்பல்கள் நின்றது காலியில். இறங்கியவர்கள் ஊருக்குக் கொண்டுபோகப் படம் தேடினார்கள். காலிக்கு இத்தனை பழைய படங்கள் இருப்பதற்கு அதன் அழகு மட்டும் காரணமல்ல, கப்பல்தான் பெரிய காரணம்.

வன்னிக்கு இரண்டு காரணங்களும் இருக்கவில்லை. முல்லைத்தீவிலும் ஒல்லாந்தர் காலக் கோட்டை இருந்தது. 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து அதைக் கைப்பற்றியதை எங்கள் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அப்போது கமராவே கிடையாது, டாகரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். பிள்ளைகள் "சேர், அந்தக் கோட்டை எப்படி இருந்தது?" என்று கேட்டால் கையால்தான் கரும்பலகையில் ஒரு பெட்டி கீறிக் காட்டுகிறேன்.

படம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து முனைக் கோட்டைக்குள் 1706இல் சிலுவை வடிவில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் இருந்தது. காலியில் இன்று எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்கும் பெரிய தேவாலயம் 1755இல் கட்டியது. யாழ்ப்பாணத்தினது அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. யுத்தத்தில் அது கற்குவியலாகிவிட்டது. ஆனால் அதன் கூரை எப்படி இருந்தது, யன்னல் எப்படி வளைந்தது என்று எங்களுக்குத் தெரியும். யாரோ எப்போதோ படமெடுத்து வைத்தார்கள், அளந்து கீறி வைத்தார்கள்.

பொஸ்னியாவின் பஞ்சா லூக்கா நகரில் 1579இல் கட்டிய ஃபர்ஹாதியாப் பள்ளிவாசலை 1993 மே 7ஆம் திகதி வெடிவைத்துத் தகர்த்து, கற்களையும் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினார்கள். மக்கள் அந்தக் கற்களைத் தேடி எடுத்து, பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்து எந்தக் கல் எந்த இடத்துக்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். 2016 மே 7ஆம் திகதி, அதே நாளில், பள்ளி மீண்டும் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான வார்சோவின் பழைய நகரத்தையும் பழைய ஓவியங்கள், மாணவர்கள் அளந்து கீறிய வரைபடங்கள் துணையோடுதான் திரும்பக் கட்டினார்கள்.

இனி எங்கள் பக்கம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் மக்களும் அதில் அடக்கம். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவசரத்தில் கைக்குழந்தையை எடுப்பதா, அல்பத்தை எடுப்பதா? 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் காணியைக் காடு மூடியிருக்கக் கண்டார்கள். கிணற்றுக் கட்டை வைத்து வீடு எங்கே இருந்தது என்று மட்டுக்கட்டியவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர்.

முஸ்லிம்களுக்கு மட்டும் நடந்ததாக நான் எழுத மாட்டேன். 2004 டிசம்பர் 26 காலை காலியில் கோட்டை மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. அதே காலையில் முல்லைத்தீவுக் கரையைக் காக்க எந்த மதிலும் இல்லை. பிறகு 2008, 2009இல் வன்னித் தமிழ்ச் சனம் இடம்பெயர்ந்தபோது ஓட்டையும் தகரத்தையும் மரத்தையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். போன இடத்தில் கூரை போட, பிறகு அதையும் கழற்ற. கூரையைக் கையோடு கொண்டு திரிந்த சனம் நாங்கள். மேலே ஏறி நின்று கூரைகளைப் பார்த்து ரசித்துப் படமெடுக்கிற வாய்ப்பு எங்களுக்கு எப்போது வாய்த்தது? நாயாற்றுக் கரையில் பருவத்துக்கு வரும் மீனவர் வாடிகளும் அப்படித்தான், கிடுகு போட்டு, பருவம் முடியப் பிரித்து. அதையும் ஒரு கட்டடக்கலை என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். நான் சொல்வேன்.

ஆனாலும் படம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாணவி புத்தளத்து உறவினரிடமிருந்து எண்பதுகளின் ஒரு கலியாணப் படத்தைக் கொண்டுவந்தாள். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். பிறகு பின்னால் பார்த்தோம். பள்ளிவாசலின் விறாந்தைத் தூண்கள், வுழூச் செய்யும் ஹவுழின் ஒரு மூலை, கலிக்கட் ஓடு, ஓட்டின் விளிம்பில் மரத்தால் செதுக்கிய ஒரு தொங்கல். இன்று அந்த இடத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. புகைப்படக்காரர் எடுக்க நினைத்தது மணமக்களை. அவர்களுக்குப் பின்னால் ஊரும் பதிந்துவிட்டது.

வன்னியின் பழைய கட்டடங்கள் இருப்பது அங்கேதான். கலியாணம், கத்னா, பூப்பு நீராட்டு விழா, முதல் நற்கருணை, பாடசாலை விளையாட்டுப் போட்டி, வெளிநாட்டில் இருந்த மகனுக்கு அனுப்ப வீட்டு வாசலில் நின்று எடுத்த படம். அவை புத்தளத்திலும், கனடாவிலும், பாரிசிலும், லண்டனிலும் அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன.

என் வேண்டுகோள் இதுதான். முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி எந்தப் பக்கமானாலும், 2009க்கு முந்திய குடும்பப் படம் ஏதாவது உங்களிடம் இருந்தால், முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல், முகங்களுக்குப் பின்னால் இருப்பதை ஒருமுறை பாருங்கள். சுவர், தூண், கூரை, கிணறு, வேலி, கோயில் மணிக்கூடு, பள்ளி முகப்பு எது தெரிந்தாலும் அதை ஒரு பிரதி எடுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை வெளியில் போட வேண்டாம், விருப்பமில்லாவிட்டால் முகத்தை மறைத்துவிடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, கமரா எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதை உம்மாவிடமோ அம்மம்மாவிடமோ இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் வசதி இல்லாவிட்டால் படத்தை அல்பத்திலிருந்து கவனமாகக் கழற்றி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் தட்டையாக வைத்துக் கைபேசியால் எடுக்கலாம். பிளாஷ் வேண்டாம். ஒட்டிப்போன படத்தை இழுக்க வேண்டாம், அப்படியே வைத்து எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் திகதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.