1974-இன் வாரியமும் 2008-இன் அரசாணையும்: மும்பைப் போக்குவரத்து ஒருங்கிணைப்பின் முன்வரலாறு

ஒருங்கிணைந்த மும்பைப் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தை மகாராஷ்டிர அரசு 2008-இல் ஓர் அரசாணை வழியே அமைத்தது. மாநிலத் தலைமைச் செயலரே அதன் தலைவர். ரயில்வே, நகரப் பேருந்துகளை இயக்கும் பெஸ்ட், மாநிலப் பேருந்துக் கழகம், போக்குவரத்துக் காவல்துறை ஆகியவற்றை ஒரே மேசையில் அமர்த்துவது அதன் நோக்கம். இதன் வரலாற்றை 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது.

அக்கொள்கையின் வாதம் தெளிவானது. நகரப் போக்குவரத்தை நடத்தும் அமைப்புகள் பலவாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இணைக்க எவரும் இல்லை. ஆகவே 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒவ்வொரு நகரிலும் ஓர் ஒருங்கிணைந்த ஆணையம் வேண்டும்; சட்டத்தின் பின்பலம் இருந்தால்தான் அது பொருளுடையதாகும். இரண்டாவது கூற்றைக் கொள்கை சொல்லியும் மும்பை பின்பற்றவில்லை. சட்டத்துக்குப் பதில் அரசாணையோடு நிறுத்திக்கொண்டது. முதல் கூற்றோ மும்பையைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கதே அல்ல. இணைக்க எவரும் இல்லாத வெற்றிடம் என ஒன்று அங்கே இருக்கவில்லை.

பம்பாய்ப் பெருநகர் வட்டார வளர்ச்சி ஆணையச் சட்டம் இதற்குச் சான்று. 1974-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் ஆணையத்தின் கீழ் மூன்று வாரியங்களை வகுத்தது: நீர்வள வாரியம், வீட்டுவசதி–நகரப் புதுப்பிப்பு–சூழலியல் வாரியம், போக்குவரத்து–தகவல்தொடர்பு வாரியம். மூன்றும் அருகருகே வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல. குடியிருப்பு எங்கே எழுகிறதோ அங்கே தண்ணீரும் வண்டியும் போயாக வேண்டும் என்ற அறிவு அந்த வரிசையில் இருக்கிறது. எல்லையும் நகராட்சி எல்லை அல்ல, பெருநகர் வட்டாரம் முழுவதும். ஒரு வாரியத்தின் பெயரையும் இடத்தையும் மட்டும் வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. பெயர் செயலாகிவிடாது. ஆனால் போக்குவரத்தை ஒருங்கே பார்க்கும் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் 2006-க்கு 32 ஆண்டுகள் முன்பே இங்கே சட்டவாசகமாகிவிட்டது என்பதை நிறுவ அந்தப் பெயரே போதும். சட்டத்தில் இடம்பெற்ற வாரியத்தால் முடியாததை, சட்டமில்லாத ஆணையம் எப்படிச் செய்யும் என்ற கேள்வியும் இங்கிருந்துதான் எழுகிறது.

ஒருங்கிணைப்புக்குத் தடை அதிகாரப் பங்கீட்டில் இருந்தது. ரயில்வே ஒன்றியப் பட்டியலில் உள்ளது. அதன் கட்டணத்தை மாநில அரசின் எந்த அலுவலகமும் தொட முடியாது. பெஸ்ட் 1947 முதல் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. தானே, நவி மும்பை மாநகராட்சிகளுக்குத் தனித்தனிப் பேருந்துகள். ஆட்டோ, டாக்சிக் கட்டணத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இயங்கும் மும்பைப் பெருநகர் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் தீர்மானிக்கிறது. பெயரில் ஏறத்தாழ ஒன்றேபோல் தோன்றும் இரு ஆணையங்களுள் அதிகாரம் உள்ளதன் பார்வை குறுகியது. பார்வை விரிந்ததற்கோ அதிகாரம் இல்லை.

மாட்டுங்காவின் நிலப்படம் இதைக் காட்டும். மத்திய ரயில்வேக்கு மாட்டுங்கா, மேற்கு ரயில்வேக்கு மாட்டுங்கா ரோடு, ஹார்பர் தடத்துக்குக் கிங்ஸ் சர்க்கிள் என ஒரே வட்டாரத்தில் மூன்று நிலையங்கள். 1951 நவம்பர் 5-இல் இரு ரயில்வேகளும் உருவானபோது பழைய கம்பெனிகளின் பிரிவினை அப்படியே தொடர்ந்தது. தாராவியை ஒட்டிய சயானோடு ஆட்டோ நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுங்காவுக்குச் சாலை வழியே போக டாக்சி அல்லது பேருந்துதான். தாராவியின் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எல்லை அன்றாடச் செலவு.

ஒருங்கிணைப்பு மெய்யாக நிகழ்ந்த இடம் வேறு. மும்பை ரயில் விகாஸ் கார்ப்பரேஷன் 1999-இல் ரயில்வே அமைச்சகத்துக்கு 51, மாநில அரசுக்கு 49 விழுக்காடு பங்கோடு பதிவானது. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்கு உலக வங்கிக் கடனும் வந்தது. இரு அரசுகளையும் பிணைத்தது கூட்டு முதலீடு. ஆலோசனைக் குழு அல்ல. 2014 பிப்ரவரியில் செம்பூர்–வடாலா மோனோரயில் ஓடத் தொடங்கியபோது 2008-இன் ஆணையத்துக்கு ஆறு வயது. அப்படியிருந்தும் மோனோரயிலின் வடாலா முனை, வடாலா ரோடு ரயில் நிலையத்திலிருந்து எளிதில் நடந்து மாற முடியாத தொலைவில் அமைந்தது. ஆணையம் தலையிட்டிருந்தால் தடம் மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தலையிடும் சட்ட உரிமை அதற்கு இல்லை என்பது மட்டும் உறுதி.

தோற்ற ஆண்டு எது என்ற சிக்கல் சென்னைக்கும் உண்டு. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் நிறைவேறி, 2019-இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதலமைச்சர் தலைமையில் குழுமம் கூடியது 2022 நவம்பரில். மூன்றில் எதைத் தொடக்கம் என்பது ஆய்வாளரின் அளவுகோலைப் பொறுத்தது. 1965-இல் ஹம்பர்க் நகரில் அமைந்த போக்குவரத்துக் கூட்டமைப்பை அளவுகோலாகக் கொண்டால், பொதுக் கட்டணம் வந்த நாளே தொடக்கம். அந்த அளவுகோலில் மும்பையின் தொடக்கம் இன்னும் வரவில்லை. 2025 அக்டோபரில் அறிமுகமான ‘மும்பை ஒன்’ செயலி 11 போக்குவரத்து நிறுவனங்களின் பயணச்சீட்டை ஒரே இடத்தில் தருகிறது. ஆனால் ரயில் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை இப்போதும் ஒன்றிய அரசிடமே இருக்கிறது.