அகதியும் அபினும்

கொடுமைக்கு ஆளானவன் என்றும் கொடுமைக்கு ஆளானோர் பக்கமே நிற்பான் என்று நம்ப நாம் விரும்புகிறோம். வரலாறோ அவ்விருப்பத்தை எப்பொழுதும் நிறைவேற்றுவதில்லை. பக்தாத் நகரத்துச் சசூன் குடும்பத்தின் கதை இதற்குச் சான்று.

அந்நகர யூதரின் தலைமைக் குடும்பம் அது. ஆட்சியாளரின் கருவூலப் பொறுப்பும் அதன் கையிலே இருந்தது. ஆளுநர் தாவூத் பாஷாவின் கெடுபிடி மிகுந்தபோது, 1792இல் பிறந்த டேவிட் சசூன் ஊரைவிட்டு ஓடிப் பாரசீகக் குடாவின் புஷையர் துறைமுகத்தை அடைந்தார். பின்னர், 1832 அளவில், குடும்பத்துடன் பம்பாயிற் குடியேறினார். 1853இல் பிரித்தானியப் பிரசையானார். ஆங்கிலம் பேச அறியாத அவர், பக்தாத் உடையையும் பழக்கத்தையும் கைவிடவில்லை.

பிரித்தானியக் கொடி அவருக்குப் பாதுகாப்பளித்தது. அதன் விலையைச் செலுத்தியவர்கள் வேறு மக்கள். முதலாம் அபின் யுத்தத்தில் தோற்ற சீனா, 1842இல் தன் துறைமுகங்களைத் திறக்க நேர்ந்தது. 1844இல் டேவிட்டின் மகன் எலியாஸ் அங்கு சென்று கிளை நிறுவினார். மாளவத்துக் குடியானவர் விளைவித்த அபின் பம்பாய் வழியாகச் சீனம் போயிற்று. 1870களில் அவ்வாணிபத்தில் முதலிடம் சசூன்களுடையதாயிற்று. பம்பாயில் நூலகமும் தொழுகைக் கூடமும், பூனாவில் மருத்துவமனையும் எழுந்தன. ஒரு கையால் நஞ்சை விற்று மறுகையால் மருந்து வழங்கும் கொடை அது.

இதைக்கொண்டு யூதரைப் பழிப்போர் உண்டு. அது பேதைமை. அதே அபினை ஸ்கொத்லாந்துக் கிறித்தவரான ஜார்டினும், பம்பாய்ப் பார்சியான ஜம்ஷேட்ஜி ஜீஜீபாயும் விற்றனர். மூலதனத்துக்கு மதமில்லை. சசூன்கள் செல்வத்திற் கொழித்த அந்நாளிலே கிழக்கு ஐரோப்பாவின் யூத ஏழைகள் தையலூசியோடு வறுமையில் உழன்றனர்.

மூத்த மகன் அப்துல்லா, ஆல்பர்ட் எனப் பெயர் மாற்றி இங்கிலாந்திற் குடியேறி, 1890இல் பரம்பரைப் பட்டமும் பெற்றார். பேரரசின் வாயிலில் நின்ற அகதியின் குடும்பம் அதன் முற்றத்திலே அமர்ந்துவிட்டது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. டேவிட்டின் கொள்ளுப்பேரன் கவிஞர் சீக்பிரீட் சசூன். யூதரல்லாத பெண்ணை மணந்ததற்காக அவரது தந்தையைக் குடும்பம் ஒதுக்கியிருந்தது. முதலாம் உலக யுத்தத்தில் வீரப்பதக்கம் பெற்ற அவர், தற்காப்புக்கெனத் தொடங்கிய யுத்தம் ஆக்கிரமிப்பு யுத்தமாக மாறிவிட்டதென்று 1917இல் பகிரங்கமாக அறிவித்தார். அவ்வறிக்கை பாராளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. அரசு அவரை விசாரிக்கத் துணியவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று கூறி மருத்துவமனைக்கு அனுப்பியது.

ஓடிவந்தவருக்கு இடமளிப்பது மனிதரின் கடமை. இடம் பெற்றபின் அவர் எவர் பக்கம் நின்றார் என்று வினவுவது வரலாற்று மாணவரின் கடமை. அதற்கு விடை குருதியில் இல்லை; ஒவ்வொரு தலைமுறையும் தானே அதை எழுதுகிறது.