பீப்பாய்க் கணக்கில் ஒரு கோட்டை

இங்கிலாந்தோடு சண்டையிட்டு விடுதலை வாங்கிய கையோடு அமெரிக்கா தன் ராணுவத்தைக் கலைத்துவிட்டது. 1784 ஜூன் 2 அன்று காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானப்படி மிச்சம் வைக்கப்பட்டவர்கள் 80 பேர்தான்: பிட் கோட்டையில் 25 பேர், வெஸ்ட் பாயின்ட்டில் 55 பேர். அவர்களுக்கும் சண்டை போடும் வேலை கிடையாது. கிடங்கில் கிடந்த ராணுவத் தளவாடங்களுக்குக் காவல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குக் கேப்டனுக்கு மேற்பட்ட அதிகாரி எதற்கு என்று அந்தப் பதவிகளையும் எடுத்துவிட்டார்கள். நிரந்தரப் படை என்றாலே மக்களாட்சிக்கு ஆபத்து என்று அன்றைய அரசியல்வாதிகள் உண்மையாகவே பயந்தார்கள்.

அந்தப் பயம் மறுநாளே கொஞ்சம் தளர்ந்தது. மேற்கே ஓஹையோ ஆற்றை ஒட்டிய நிலங்களின் மீது அரசுக்குக் கண் இருந்தது. அங்கே பூர்வகுடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நான்கு மாநிலங்களிலிருந்து 700 பேரை ஓராண்டுக்குத் திரட்டச் சொன்னார்கள். ஆற்றோரம் கோட்டைகள் முளைத்தன. கோட்டை என்றதும் கருங்கல் மதிலும் அகழியும் நினைவுக்கு வரும். இவை மரக்கட்டைகளை நட்டு எழுப்பிய வேலிகள். உள்ளே சில நூறு பேர், சில இடங்களில் அதுவும் இல்லை. அவர்களுக்கு யார் சோறு போடுவது?

ராணுவத்தையே வேண்டாவெறுப்பாக வைத்திருந்த அரசு, இந்த வேலையைக் காண்ட்ராக்டர்களிடம் விட்டது. ஒரு ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் இத்தனை சென்ட் என்று ஏலம் கேட்பார்கள். இடம் தூரமானால் விலை கூடும். 1790-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ரேஷனை வரையறுத்தது: ஒரு பவுண்டு மாட்டிறைச்சி அல்லது முக்கால் பவுண்டு பன்றி இறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு, அரை ஜில் சாராயம், அதாவது சுமார் 60 மில்லி. நூறு ரேஷனுக்கு ஒரு குவார்ட் உப்பு, இரண்டு குவார்ட் வினிகர், இரண்டு பவுண்டு சோப்பு, ஒரு பவுண்டு மெழுகுவத்தி. காய்கறி என்ற பேச்சே இல்லை. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் மூன்று டாலர். அதில் உடுப்புக்கு 90 சென்ட், மருந்துக்குப் பத்து சென்ட் பிடித்துக்கொண்டு மிச்சம் இரண்டு டாலரைத் தருவார்கள்.

காண்ட்ராக்ட் முறையில் ஒரு பொல்லாத கணக்கு ஒளிந்திருந்தது. விலை முன்கூட்டியே முடிவானது. வழியில் குதிரை செத்தாலும் ஆறு வற்றினாலும் நஷ்டம் காண்ட்ராக்டருக்கு. சரக்கைத் தாமதமாக அனுப்பினால் பட்டினி சிப்பாய்க்கு. இரண்டில் எதை ஒரு வியாபாரி தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

1791-இல் இது அம்பலமானது. அந்த ஆண்டின் படை உணவு காண்ட்ராக்ட் வில்லியம் டூயர் கைக்கு வந்திருந்தது. நிதித்துறைச் செயலர் ஹாமில்டனுக்கு உதவியாளராக இருந்து, வேலையை விட்டுப் பங்கு வியாபாரத்தில் இறங்கிய ஆசாமி. படைக்காக அரசிடம் வாங்கிய முன்பணத்தைச் சொந்தச் சூதாட்டத்தில் போட்டார். ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் வாஷிங்டன் கோட்டையிலிருந்து, இன்றைய சின்சினாட்டியிலிருந்து, வடக்கே படை நடத்தியபோது மாவு மூட்டைகள் பின்னாலேயே தங்கிப் போயின. அக்டோபர் கடைசியில் சுமார் 60 தன்னார்வப் படையினர் முகாமைவிட்டு ஓடினார்கள். வழியில் வரும் உணவு வண்டியை அவர்கள் கொள்ளையடிப்பார்கள் என்று பயந்த ஜெனரல், தன்னிடமிருந்த தேர்ந்த ரெஜிமெண்டையே பின்னால் அனுப்பினார். மாவைக் காக்கப் போன அந்த வீரர்கள் நவம்பர் 4 அதிகாலையில் களத்தில் இல்லை. மயாமி பூர்வகுடித் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானி தலைவர் ப்ளூ ஜாக்கெட்டும் நடத்திய கூட்டுப்படை முகாமைச் சூழ்ந்தபோது உள்ளே சுமார் 1,400 பேர் இருந்தார்கள். 600-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள்.

பட்டினியால்தான் தோற்றார்கள் என்று சொல்லிவிட்டால், வென்றவர்களின் திறமையை மறைத்ததாகும். ஆனால் காங்கிரஸ் தன் முதல் விசாரணைக் குழுவை அமைத்தது இந்தத் தோல்விக்குத்தான். குழு குற்றம் கண்டது காண்ட்ராக்டரிடமும் தளவாட நிர்வாகத்திடமும். டூயர் 1792-இல் கடனாளிச் சிறைக்குப் போனார். காண்ட்ராக்ட் முறைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இன்னும் கால் நூற்றாண்டு ஓடியது.

1818-இன் தொடக்கத்தில் ஃப்ளோரிடா எல்லையில் ஆண்ட்ரூ ஜாக்சனின் படைக்கும் காண்ட்ராக்டர்கள் கைவிரித்த பிறகுதான் போர்த்துறைச் செயலர் ஜான் கால்ஹூன் முறையையே மாற்றினார். ஏப்ரல் 14 அன்று நிறைவேறிய சட்டம் உணவுக்கென்று ராணுவத்திலேயே ஒரு துறையை அமைத்தது. ஜார்ஜ் கிப்சன் தலைமை அதிகாரி. சரக்கை மொத்தமாக விளம்பரம் செய்து வாங்கிக் கிடங்கில் இறக்குவது, பிறகு ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு இளம் லெப்டினன்ட் அதை அளந்து கொடுத்துக் கணக்கு எழுதுவது என்று ஏற்பாடு.

அந்த லெப்டினன்ட்டின் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மாவுப் பீப்பாய் ஒன்றில் 196 பவுண்டு. 1802 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 அவுன்ஸ் மாவு. ஆக ஒரு பீப்பாய் 174 பேருக்கு ஒரு நாள் வரும். ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் நாளைக்கு ஆறு பீப்பாய் உருளும். ஆறு உறைந்து படகு வராத ஆறு மாதத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் பீப்பாய் கையிருப்பில் இருக்க வேண்டும். இறைச்சி தனி, சாராயம் தனி. எண்ணிக்கையில் பிசகினால் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும்.

1819-இல் இந்தப் புதிய ஏற்பாட்டுக்கு மிசௌரி ஆற்றில் சோதனை வந்தது. கர்னல் ஹென்றி அட்கின்சன் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மேல்நோக்கிப் புறப்பட்டார்கள். பிரிட்டிஷ் தோல் வியாபாரிகளைத் தடுப்பதும் பூர்வகுடிகளைக் கண்காணிப்பதும் நோக்கம். உணவு வாங்கும் முறை மாறியிருந்தாலும் அதைச் சுமக்கும் வேலை மறுபடி காண்ட்ராக்ட்டுக்குப் போனது. ஜேம்ஸ் ஜான்சன் என்பவர் நீராவிக் கப்பல்கள் தருவதாக ஒப்புக்கொண்டார். அவர் தம்பி ரிச்சர்ட் ஜான்சன் காங்கிரஸில் செல்வாக்குள்ளவர். மணல் திட்டும் கலங்கல் நீருமாக ஓடும் மிசௌரியில் அவருடைய கப்பல்களில் ஒன்றுகூடப் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தும் கழி ஊன்றித் தள்ளியும் படகுகளில்தான் சிப்பாய்கள் செப்டம்பர் கடைசியில் கவுன்சில் பிளஃப்ஸை அடைந்தார்கள். இன்றைய ஒமாஹாவுக்குச் சற்று வடக்கே உள்ள இடம் அது.

அவசரமாக ஆற்றுச் சமவெளியில் முகாம் கட்டினார்கள். குளிர்காலத்தில் உப்பிறைச்சியும் பழைய மாவும்தான் சாப்பாடு. ஈறு வீங்கியது, பல் ஆடியது, கால்கள் கறுத்தன. வசந்தத்துக்குள், காய்கறி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோயில் 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். துப்பாக்கி சுடப்படாத அந்தக் குளிர்காலம், பல சண்டைகளைவிட அதிகச் சாவைக் கண்டது. நிலம் இளகிக் காட்டுக் கீரையும் காட்டு வெங்காயமும் முளைத்த பிறகுதான் மிச்சமிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஜூனில் வெள்ளம் வந்து முகாமை அடித்துப் போனது. குன்றின் மேல் புதிதாகக் கட்டியதே அட்கின்சன் கோட்டை.

கோட்டைகள் தங்களுக்கான காய்கறியைத் தாங்களே விளைவிக்க வேண்டும் என்று கால்ஹூன் 1818-லேயே உத்தரவு போட்டிருந்தார். இந்தச் சாவுக்குப் பிறகு அதைச் சொல்லிச் செய்யவைக்க வேண்டியிருக்கவில்லை. சோளம், உருளைக்கிழங்கு, டர்னிப், கோஸ், மாடு, பன்றி, ரம்பப்பட்டறை, மாவரைக்கும் ஆலை என்று கோட்டை ஒரு பண்ணை கிராமம் ஆனது. சிப்பாய்க்கு அப்போது மாதம் ஐந்து டாலர். சட்டப்படி கம்பெனிக்கு நான்கு சலவைப் பெண்கள் வரை ரேஷன் உண்டு. பட்டாளக் கடைக்காரர் புகையிலையும் நூலும் கடனுக்குத் தருவார். விலையை அதிகாரிகள் குழு நிர்ணயிக்கும். கடைக்காரர் அதற்கு ஒரு வரியும் கட்ட வேண்டும்.

ரொட்டியில் இன்னொரு சாமர்த்தியம். நூறு பவுண்டு மாவை நீர் விட்டுப் பிசைந்து சுட்டால் 130 பவுண்டு அளவுக்கு ரொட்டி வரும். ரொட்டியாகக் கொடுத்தாலும் ஆளுக்கு 18 அவுன்ஸ்தான். மிஞ்சிய மாவை விற்ற காசு கோட்டையின் பொது நிதிக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கும் புத்தகங்களுக்கும் உதவியது. தண்ணீரில் வந்த லாபம் என்று கேலி செய்யலாம். ஆனால் அந்த வனாந்தரத்தில் நூலகம் இருந்ததற்கு இப்படிப்பட்ட பணமும் ஒரு காரணம்.

1826-இல் சோதனைக்கு வந்த தலைமை ஆய்வாளர் ஜார்ஜ் குரோகனுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. மாட்டுக்கொட்டிலைப் பார்த்தவர், வீரர்கள் குடியானவர்களாகிவிட்டார்கள், கவாத்து மறந்துபோனது என்று அறிக்கை எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1820-இன் கல்லறைகளைப் பார்த்தவர்கள் செய்ததிலும் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டே கோட்டை கைவிடப்பட்டது. ரெஜிமெண்ட் ஆற்றின் கீழ்ப்பக்கம் இறங்கிச் செயின்ட் லூயிஸை ஒட்டிய முகாமுக்குப் போனது.

உணவுத் துறைத் தலைவர் கிப்சன் மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை. 1832-இல் சாராயத்தை எடுத்துவிட்டு நூறு ரேஷனுக்கு நான்கு பவுண்டு காபியும் எட்டு பவுண்டு சர்க்கரையும் என்று ஆணை வந்தபோதும் அவர்தான் கொள்முதல் அதிகாரி. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல், இலட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் ரேஷன் வாங்க வேண்டிய நெருக்கடி வந்த ஆண்டில், பதவியில் இருந்தபடியே இறந்தார்.