மனு எழுதிய பாதிரியார்

"சர்ச்சுல என்னங்க செய்றாங்க?" என்று திருக்கழுக்குன்றம் பக்கம் கேட்டால், பள்ளிக்கூடம், மெடிக்கல் கேம்ப், கிறிஸ்துமஸுக்கு அரிசி, சேலை என்று பதில் வரும். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் திருச்சபை செய்த பெரிய தொண்டு எதுவென்று என்னைக் கேட்டால், தர்காஸ்து மனுவுக்குத் துணை நின்றதைத்தான் சொல்வேன்.

தர்காஸ்து என்பது தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு அரசுக்குப் போடும் விண்ணப்பம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் மிராசு முறை வேரூன்றிய இடம். பறையர் ஒருவர் மனுப் போட்டால், 'அது எனக்கு வேணும்' என்று குறுக்கே வரும் முன்னுரிமை மிராசுதாருக்கு இருந்தது. குடிசை நின்ற மண்ணும் பெரும்பாலும் அவர் கையில். கூலியைக் கூட்டிக் கேட்டால், 'காலி பண்ணு' என்ற ஒரு சொல் போதும்.

செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ இந்த முடிச்சைக் கண்டுகொண்டார். காலுக்குக் கீழே மண் இல்லாதவனுக்குப் பள்ளிக்கூடமும் நிலைக்காது. திருவள்ளூர் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் இதே குரலை எழுப்பினார். ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழி வந்ததே. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆண்ட்ரூ தன் பங்குக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பையும் உருவாக்கினார்.

பாதிரிமாருக்குச் சபையை வளர்க்கும் கணக்கு இருந்தது, அரசுக்கு வரிக் கணக்கு. அதை மறைக்க வேண்டியதில்லை. சேரி மக்களும் யாரோ பேசட்டும் என்று காத்திருக்கவில்லை. மதுராந்தகம் பகுதிக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிவிட்டார்.

காகிதத்தில் வந்த நிலம் பல ஊர்களில் கை மாறிப்போனது. நூறாண்டு கழித்து, மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் மூண்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். பெயர்களைப் பாருங்கள்: ஒருவர் சர்ச்சுப் பெயர், ஒருவர் கோயில் பெயர். கேட்டது ஒரே மண்.

இன்று ஒரு சபைக்கு ஊருக்கு ஏதாவது செய்யத் தோன்றினால், அரிசி மூட்டையோடு கிராமத்து 'அ' பதிவேட்டின் நகலையும் வாங்கி, உட்கார்ந்து படித்துச் சொல்ல ஓர் ஆளை வைக்கட்டும். ஆண்ட்ரூ தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.