தண்டனைக்குப் பின்னும் திறந்திருந்த கதவு

குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவருக்குச் சமூகத்தில் மீண்டும் இடமுண்டா? இவ்வினாவுக்கு இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கக் காலத்திலேயே விடை காண்கிறோம்.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630), மக்கா வெற்றியின்போது, குறைஷியரின் உயர்குலமான பனூ மக்ஸூமைச் சேர்ந்த பெண்ணொருவர் திருடிவிட்டார். குலத்தின் மானம் போய்விடுமே எனக் கலங்கிய உறவினர், நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரழி) அவர்களைப் பரிந்துரைக்க அனுப்பினர். நபியவர்களின் முகம் மாறியது. மேலோர் திருடினால் விட்டுவிடுவதும் எளியோர் திருடினால் தண்டிப்பதுமே முன்னைய சமூகங்களை அழித்தது என எச்சரித்தார்கள். தம் மகளே ஆயினும் சட்டம் ஒன்றே என்றார்கள். தண்டனை நிறைவேறியது.

மேடைகளில் இந்நிகழ்வு பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பு மேலும் தொடர்கிறது. அப்பெண் அழகிய முறையில் தவ்பா செய்தார், திருமணமும் புரிந்தார். பின்னர் ஆயிஷா நாயகியிடம் வந்துபோவார்; அவருடைய தேவைகளை அன்னையவர்கள் நபியவர்களிடம் எடுத்துரைப்பார்கள். தண்டனையில் சலுகை கிடைக்காதவருக்கு நபியவர்களின் இல்லக் கதவு அடைபடவில்லை.

மற்றொன்று கலீஃபா உமர் (ரழி) காலத்துக் காதிஸிய்யாப் போர். தகீஃப் குலத்துக் கவிஞரும் வீரருமான அபூ மிஹ்ஜன் (ரழி), மது அருந்தியதற்காகப் பலமுறை கசையடி பெற்றவர். போரின்போது விலங்கிடப்பட்டிருந்தார். உயிர் பிழைத்தால் தாமே திரும்பிவந்து விலங்கை மாட்டிக்கொள்வதாகத் தளபதி ஸஅத் (ரழி) அவர்களின் துணைவியாரிடம் வாக்களித்து, தளபதியின் குதிரையிலேயே களம் புகுந்தார். நோயுற்று உயரத்திலிருந்து போரைக் கவனித்த ஸஅத், பாய்ச்சல் தம் குதிரையினுடையது, தாக்குதல் அபூ மிஹ்ஜனுடையது, அவரோ விலங்கில் அல்லவா இருக்கிறார் என வியந்தார்கள். வாக்குத் தவறாமல் அவர் விலங்குக்குத் திரும்பியதை அறிந்ததும் விடுவித்தார்கள். இனி அவரைக் கசையால் அடிப்பதில்லை என்றார்கள். அபூ மிஹ்ஜனோ, தண்டனை தம்மைத் தூய்மைப்படுத்தியவரை குடித்ததாகவும், இனி ஒருபோதும் அதைத் தொடுவதில்லை என்றும் உறுதி கூறினார்.

ஓரிடத்தில் மன்னிப்பு மறுக்கப்பட்டது; மற்றோரிடத்தில் வழங்கப்பட்டது. ஆயினும் இருவருக்குமே வாழ்வு திரும்பக் கிடைத்தது. இதிலிருந்து நாம் பெறும் தெளிவு: மன்னிப்பு ஆட்சியாளரின் கையில் இருப்பது, மறுவாய்ப்போ சமூகத்தின் கையில் இருப்பது.

நம் நாட்டிலும் தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் அரசியல் சாசனத்தின் 72, 161 ஆம் பிரிவுகள் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அதிகாரம் அளிக்கின்றன. அதற்காக மனுச் செய்வது முறையான வழியே. ஆனால் விடுதலையாகி வருபவருக்கு வேலை தருவதும், வாடகைக்கு வீடு தருவதும், அவர் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது பழையதைக் கிளறாதிருப்பதும் எந்த ஆளுநரின் கையொப்பத்தாலும் நடப்பவை அல்ல. அவை நம் மஹல்லாவின் பொறுப்பு. தொழுகை வரிசையில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவரை, பள்ளிவாசல் வாயிலைத் தாண்டியதும் குற்றவாளி என அழைப்பது எவ்வகையில் நியாயம்?

தவ்பா செய்தோரை நேசிக்கும் அல்லாஹ், அவர்களை அரவணைக்கும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.