நேர்கோட்டைத் தேடிய கதை

கொத்தனார் சுவரெழுப்பத் தொடங்குமுன் இரு முனைகளிலும் ஆணியடித்து நூல் பிடிப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். நூல் எவ்வளவு நேரோ, சுவரும் அவ்வளவு நேர். 10 அடிச் சுவருக்கு அது போதும். ஆனால் 2 மைல் நீளத்துக்கு, அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாத நேர்கோடு வேண்டுமென்றால் எந்த நூலைப் பிடிப்பது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விஞ்ஞானிகள் 1960களில் எதிர்நோக்கிய கேள்வி இது.

நான் கலைப் பட்டதாரி; அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். முதல் பக்கத்தில் ஒரு சொல் சற்றே பிசகினால், பத்தாம் பக்கத்தில் பொருளே திசைமாறிப் போவதை அனுபவத்தில் அறிந்தவன். இந்த விஞ்ஞான வரலாறு என் மனத்தைக் கவர்ந்ததற்கு அதுவே காரணம்.

அணுவின் உள்ளமைப்பை அறிய, நுண்துகள்களை மிகுந்த வேகத்துடன் அதன்மீது மோதவிட வேண்டும். அந்த வேகத்தை ஒரே மூச்சில் ஊட்டுவது கடினம். ஊஞ்சலைத் தக்க தருணத்தில் மீண்டும் மீண்டும் தள்ளுவதுபோல், சிறு சிறு உந்துதல்களாக ஊட்டலாம். 1928ஆம் ஆண்டில் நார்வே நாட்டவரான ரோல்ஃப் விடரோ, ஜெர்மனியின் ஆகன் நகரில் இதைச் செய்து காட்டினார். 25,000 வோல்ட் மின்னழுத்தத்தை இருமுறை பயன்படுத்திப் பொட்டாசிய அயனிகளுக்கு 50,000 வோல்ட்டுக்குரிய ஆற்றலை அளித்தார். நேர்கோட்டுத் துகள் முடுக்கியின் பிறப்பு அது.

பாதை நீள நீள வேறொரு தொல்லை தோன்றிற்று. துகள்கள் ஒன்றுபோல் நேரே செல்வதில்லை. சிதறி, குழாயின் சுவரில் மோதி அழிகின்றன. ஒளியைக் கண்ணாடி வில்லை குவிப்பதுபோல் அவற்றைக் குவிக்கக் காந்த வில்லைகள் தேவைப்பட்டன. நான்கு முனைகளையுடைய காந்தம் ஒன்று கிடைமட்டத்தில் குவித்தால், செங்குத்தில் விரிக்கும். அடுத்த காந்தத்தைத் திருப்பி வைத்தால் முன்னது விரித்ததை இது குவிக்கும். துகள் மையத்தைவிட்டு அதிகம் விலகியிருக்கும்போது குவிக்கும் காந்தமும், நெருங்கியிருக்கும்போது விரிக்கும் காந்தமும் எதிர்ப்படுவதால், முடிவில் குவிதலே வெல்கிறது. 1952இல் புருக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கூரன்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் ஆகியோர் இதனை வெளியிட்டனர். ஏதென்ஸ் நகரில் லிஃப்ட் பொருத்தும் தொழிலில் இருந்த கிறிஸ்டோஃபிலாஸ் என்னும் பொறியாளர், 1950லேயே இதே கருத்துக்குக் காப்புரிமை கோரியிருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. 1953இல் அவருக்குரிய சிறப்பைப் புருக்ஹேவன் அறிஞர்களே பகிரங்கமாக ஒப்புக்கொண்டனர்.

இக்காந்தத்தின் நடுமையத்தில் காந்தப்புலம் இல்லை. மையத்தைவிட்டு விலக விலக அது வலுக்கிறது. ஆகவே காந்தமே தன் இடத்தைவிட்டு இம்மியளவு நகர்ந்திருந்தால், நேராக வரும் துகளையும் அது பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒரு காந்தத்தின் பிழையை அடுத்தது மன்னிப்பதில்லை; தள்ளுதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

ஸ்டான்போர்டு முடுக்கியின் கட்டுமானம், பனோஃப்ஸ்கி என்பவரின் தலைமையில் 1962இல் தொடங்கியது. அங்கே நூல் பிடிக்க முடியாது. நீண்ட நூல் தன் பாரத்தாலேயே தொய்ந்துவிடும். நீர்மட்டமும் உதவாது. நீர் பூமியின் வளைவைப் பின்பற்றுவது; 2 மைலில் அவ்வளைவு நேர்கோட்டிலிருந்து நடுவில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். ஒளியோ நேரே செல்வது; ஆனால் வெப்பம் மாறும் காற்றில் அதுவும் வளைகிறது.

விஞ்ஞானிகள் கண்ட வழி எளிமையானது. முடுக்கியைத் தாங்கும் உத்தரமாக, சுமார் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாயை அமைத்தார்கள். அதனுள்ளிருந்த காற்றை வெளியேற்றினார்கள். ஒரு முனையில், அப்போதுதான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த லேசர் விளக்கு. மறுமுனையில் ஒளியை உணரும் கருவி. இடையே 40 அடிக்கு ஒன்றாகத் துளையிட்ட உலோகத் தகடுகள். பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் கண்ட தத்துவப்படி அத்தகடுகள் வில்லைகளாகி ஒளியைக் குவித்தன. ஒவ்வொன்றாகத் தகட்டை ஒளியின் பாதையில் நிமிர்த்தி, படம் எங்கே விழுகிறதென்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்தார்கள். 1966இல் எலெக்ட்ரான் கற்றை 2 மைலையும் கடந்தது.

அதோடு கவலை தீரவில்லை. அதே ஆண்டில் மின்னோட்டத்தை உயர்த்தியபோது, கற்றை தானே ஊசலாடிச் சிதறுவதைக் கண்டார்கள். மையத்தைவிட்டு விலகிய எலெக்ட்ரான்கள் குழாயில் எழுப்பும் மின்காந்த அலை, பின்தொடரும் எலெக்ட்ரான்களைப் புறந்தள்ளியதே காரணம். குவிக்கும் காந்தங்களை வலுப்படுத்தியும், உலோக அறைகளின் வடிவைச் சற்றே மாற்றியும் குறையை அடக்கினார்கள். அவ்வுழைப்பு வீண்போகவில்லை. புரோட்டானுக்குள் இன்னும் நுண்ணிய துகள்கள் உள்ளன என்பதற்கு அக்கற்றையே சான்று தந்தது. அந்த ஆராய்ச்சிக்காக ஃபிரீட்மன், கெண்டால், டெய்லர் ஆகிய மூவரும் 1990இல் நோபெல் பரிசு பெற்றனர்.

காலப்போக்கில் லேசரின் துல்லியமும் போதாமற்போயிற்று. காந்தத்தின் இரும்பை நடுவில் நிறுத்தலாம். அதன் காந்த மையமும் சரியாக அங்கேதான் உள்ளது என்று எப்படி அறிவது? இக்கேள்விக்குக் கற்றையையே சாட்சியாக அழைத்தார்கள். ஒரு காந்தத்தின் வலிமையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கற்றை மையத்தின் வழியே சென்றால் அப்பால் ஒரு மாற்றமும் தெரியாது. விலகிச் சென்றால் கற்றை அசைந்து காட்டிக்கொடுக்கும்.

அம்முடுக்கியின் கடைசிப் பகுதியைக் கொண்டு எக்ஸ்-கதிர் லேசர் அமைத்தபோது, சுமார் 130 மீட்டர் நீளத்துக்குக் கற்றை சில மைக்ரான்களுக்குள் நேராக இருக்க வேண்டியிருந்தது. அது தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பங்கு. கற்றை வளைந்தால் நேரே செல்லும் எக்ஸ்-கதிரைவிட்டுப் பிரிந்துவிடும். வெவ்வேறு ஆற்றல்களில் கற்றையைச் செலுத்தி, பாதை மாறும் அளவிலிருந்து பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்தினார்கள். 2009 ஏப்ரலில் அந்த எக்ஸ்-கதிர் ஒளிர்ந்தது.

நேயர்களே, நூலில் தொடங்கி, ஒளிக்குச் சென்று, இறுதியில் பயணம் செய்யும் துகளிடமே வழிகேட்ட கதை இது. மொழிபெயர்ப்பில் எனக்கும் அதே அனுபவம் உண்டு. அகராதியைப் பார்த்துச் சொற்களை வரிசையாக நிறுத்தியபின், வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். எங்கேனும் நாக்கு இடறினால், அந்த இடத்தில் ஏதோ ஒரு சொல் தன் மையத்தைவிட்டு விலகி நிற்கிறது என்று பொருள்.