மறியற்காரரின் மட்டையும் தொழிலாளியின் துண்டும்

சிறைக் கைதிகளும் அவர்தம் காவலரும் எதிரெதிர் அணிகளாக நின்று பந்தாடும் கதை மேனாட்டுத் திரையுலகிற்கு மிகவும் உவப்பானதொன்றாகும். 1974இல் றொபேட் ஓல்ட்றிச் நெறிப்படுத்திய 'த லோங்கெஸ்ற் யார்ட்' இவ்வகையில் நன்கறியப்பட்டது. அதிலுள்ள அமெரிக்கப் பந்தாட்டத்தை நாமறிந்த உதைபந்தாட்டமாக மாற்றி, 2001இல் ஆங்கிலேயர் 'மீன் மெஷின்' என்ற படத்தை எடுத்தனர். நாள் முழுதும் குண்டாந்தடியோடு அதிகாரஞ் செய்த காவலன் ஆட்டநேரத்தில் மட்டும் கைதியோடு ஒரே விதிக்குக் கட்டுப்பட்டுச் சேற்றில் விழுகின்றான். நமது சிரிப்பு அங்கேதான் பிறக்கின்றது. ஆயினும் ஓல்ட்றிச்சின் படத்தில் போட்டியை ஏற்படுத்துபவர் சிறை அதிபர் என்பதையும், கைதிகளின் தலைவனைத் தோற்கும்படி மிரட்டுபவரும் அவரே என்பதையும் நாம் மறத்தலாகாது. இத்தகையதொரு கதையையே 1961இல் ஹங்கேரிய நெறியாளர் ஸோல்தான் ஃபாப்ரி படமாக்கினார். அங்கு ஆட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிகின்றது, சிரிப்பதற்கு எதுவுமில்லை.

இலங்கையிலும் மறியற்காரர் ஆடிய ஆட்டமொன்றுண்டு. தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர்களை 1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் பிரித்தானியர் இங்கு கொண்டுவந்து சேர்த்தனர். ஏறத்தாழ 5,000 பேர் வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சப்ரகமுவவின் கீழெல்லைக்கு அப்பால், அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையில் தகரக் கொட்டகைகளில் வைக்கப்பட்டனர். முகாமினுள் அவர்கள் பந்தாடினர், பத்திரிகை நடத்தினர், மரத்திற் கைவினைப் பொருள்கள் செய்தனர். 1901 யூலையில் அவர்களது துடுப்பாட்ட அணியொன்று கொழும்புக்கு அழைத்துவரப்பட்டு, பெரும்பாலும் பறங்கியரைக் கொண்டிருந்த கோல்ட்ஸ் கழகத்துடன் மோதியது. போயர் தோற்றனர்.

அவர்களது வாழ்வு இன்பமயமானது எனக் கூறுவதற்கில்லை. கொள்ளைநோய்க் காய்ச்சலில் முகாமிலேயே மாண்டவர் பலர். அன்றியும், தென்னாபிரிக்கத் தடுப்பு முகாம்களில் போயர்ப் பெண்களும் குழந்தைகளும் மடிவதை எமிலி ஹொப்ஹவுஸ் அம்மையார் அறிக்கையாக வெளியிட்டது 1901 யூனில். கொழும்பு ஆட்டம் நடந்தது அடுத்த மாதத்தில். கைதிகளை நாகரிகமாக நடத்துகின்றோம் எனக் காட்டிக்கொள்ள ஆட்சியாளருக்கு இத்தகைய காட்சிகள் பயன்பட்டிருக்கும் என்றே எண்ணத் தோன்றுகின்றது. படத்தில் வரும் சிறை அதிபரும் தம் பெருமைக்காகவே போட்டியை ஏற்படுத்துகின்றார்.

அதே 1901இல் கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் தேயிலையோடும் புதிதாக வந்த இறப்பரோடும் உழைத்த தமிழ்த் தொழிலாளி, சட்டத்தின் பார்வையிற் கைதியல்லன். ஒப்பந்தஞ் செய்துகொண்ட சுதந்திர மனிதன். அந்தச் சுதந்திரம் எத்தகையது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், தோட்டத்தை விட்டு ஓடியவனையும் வேலையில் அசட்டையாயிருந்தவனையும் குற்றவாளியாக்கி, மூன்று மாதம் வரை மறியலுக்கு அனுப்ப இடமளித்தது. கூலி ஒப்பந்தத்தை மீறுவது ஏனைய இடங்களில் வழக்காடித் தீர்க்கும் விடயம். தோட்டத்திலோ அது திருட்டைப் போன்றதொரு குற்றமாயிற்று.

மறியலுக்கு அஞ்சாதவனையும் கட்டிப்போட வேறொரு கயிறு இருந்தது. அதுவே துண்டு. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சிறு கடதாசி அது. புதிய தோட்டத்தின் துரை கடனைக் கட்டுவார். கடன் தீராது, கைமாறும். கடனோடு ஆளும் மாறுவான். பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் ஆட்டக்காரரை விலைபேசி மாற்றிக்கொள்வதைச் செய்தித்தாள்களிற் படிக்குந்தோறும் இத்துண்டே என் நினைவுக்கு வருகின்றது. ஒரேயொரு வேறுபாடு, ஆட்டக்காரனுக்கு அப்பணத்தில் பங்குண்டு.

தப்பொலி கேட்டு விடியுமுன் எழுந்து, பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, மாலையில் நிறையைக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பியவனுக்குத் துரையோடு எதிர்நின்று ஆட ஒரு மைதானம் வாய்க்கவில்லை. துரைமாருக்குக் கழகங்கள் இருந்தன. களனிப் பள்ளத்தாக்குக் கழகம் றகர் ஆட்டத்துக்குப் பெயர்பெற்றது. ஆயின் அது துரைமாருக்குள் ஆடிய ஆட்டம். தோட்டத்தில் விதிகளை வகுத்தவரும், ஊதுகுழலை வைத்திருந்தவரும், எதிரணியும் ஒருவரே. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகக்குறைந்த கூலிக்கு வழிவகுத்த 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே துரை தனித்து மீறமுடியாத ஒரு விதி கூலி விடயத்தில் ஏற்பட்டது எனலாம்.

போர் முடிந்தபின் போயர்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்து நாடு திரும்பினர். பிரமாணஞ் செய்ய மறுத்துத் திரும்ப முடியாமற்போன எங்கல்பிறெக்ற் என்பவர் இங்கேயே தங்கினார்; யால சரணாலயத்தின் முதற் காவலராக அரசாங்கமே அவரை நியமித்தது. தோட்டத் தொழிலாளரை எவரும் பிரமாணங் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்ரோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர். 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என ஒத்திவைத்தனர். எஞ்சியிருந்தோர் குடியுரிமைச் சட்டத்துக்காக 2003 வரை காத்திருந்தனர்.